கிராணியின் சாவிக்கொத்து

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் கடிதம் நேரே தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வராது. டவுனிலிருந்து தபால் பை தோட்ட ஆபீசுக்கு வரும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதை அவிழ்த்து டிவிஷன் வாரியாக அடுக்கி வைப்பார். ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மா இருந்தால், இது எந்த முனியம்மாவுக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பால்மரம் வெட்டப் போனவர்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை கடிதம் மேசையில் கிடக்கும்.

மெயில் சர்வர் பார்ப்பதும் இதே கிராணி வேலைதான். வாசலில் வாங்க வேண்டும், பெயர் பார்த்துப் பிரிக்க வேண்டும், உரியவர் பெட்டியில் போட வேண்டும், வெளியூர்க் கடிதமென்றால் அடுத்த ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு எந்த மென்பொருளைப் போடலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் பார்ப்பது சாவி யார் கையில் இருக்கிறது என்பதை.

1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் எல்லாச் சாவிகளும் ஒரே கையில் இருந்தன. எல்லார் பெட்டியிலும் கடிதம் போட எல்லார் பெட்டியையும் திறக்கும் உரிமை வேண்டுமே. அதனால் அது ‘ரூட்’ என்ற முழு உரிமையோடு, தோட்ட மேனேஜரான துரையின் அதிகாரத்தோடு ஓடியது. வாசலில் முன்பின் தெரியாதவர்களோடு பேசியதும் அதே நிரல்தான். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் தானே பரவும் ‘புழு’ நிரல் ஒன்றை விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று செண்ட்மெயில். சோதனைக்காக வைத்த கதவொன்று பல கணினிகளில் திறந்தே கிடந்தது. அதன் வழியே, பெறுநர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் சர்வர் அதை நிறைவேற்றிவிடும். கவரின் மேல் ‘ஸ்டோரைத் திற’ என்று எழுதியிருந்தது, கிராணி எழுந்து போய்த் திறந்துவிட்டார். அன்றைய கணிப்பில் சுமார் 6,000 கணினிகள் மாட்டிக்கொண்டன.

1998 டிசம்பரில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்ஸ வெனெமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், அந்த ஒரு கிராணியைப் பல ஆட்களாகப் பிரித்தது. வாசலில் நிற்பவரிடம் எந்தப் பெட்டியின் சாவியும் கிடையாது. சரிபார்க்க ஒருவர், வரிசையைக் கவனிக்க ஒருவர், வெளியூருக்குக் கொண்டுபோக ஒருவர். துரை அதிகாரம் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும். வாசற்காரரை ஏமாற்றினாலும் திருடனுக்குக் கிடைப்பது வாசல் மட்டும்தான்.

எக்ஸிம் என்ற இன்னொரு மெயில் சர்வரும் நல்ல மென்பொருள்தான். கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் 1995இல் தொடங்கியது. எப்படி வேண்டுமானாலும் வளையும். ஆனால் 2019 ஜூனில் அதில் வெளிப்பட்ட ஓட்டையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. பெறுநர் முகவரிக்குள் ஒளித்து வைத்த கட்டளை! 31 வருடம் கழித்து அதே கவர், அதே ‘ஸ்டோரைத் திற’. இந்த முறை துரை அதிகாரத்தோடேயே திறந்தது. நான் போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் நிற்பதற்கு இது போதும்.

சாவிக்கு அடுத்தது பொறுமை. ஜெம்போல் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசின் சர்வரைச் சில காலம் பார்த்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ செம்புக்காக டெலிபோன் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லைன் வந்தது திங்கட்கிழமை மத்தியானம்.

“எத்தனை லெட்டர் போச்சு, தம்பி?” என்றார் பெரிய கிராணி.

“ஒண்ணும் போகல அண்ணே, எல்லாம் வெளியே நிக்குது.”

கதவு திறக்கவில்லை என்றால் அனுப்புகிற சர்வர் கடிதத்தைத் தூக்கி எறியாது. தன் வரிசையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்து தட்டும். குறைந்தது நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மின்னஞ்சல் விதி. போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் ஐந்து நிமிடம் கழித்துத் தட்டும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நிறுத்திக்கொள்ளும். ஐந்து நாளாகியும் முடியாவிட்டால்தான் அனுப்பியவருக்கே திருப்பும். குப்பை மெயில்காரர்கள் பலருக்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை. புதியவர்களை ‘கொஞ்சம் கழித்து வா’ என்று அனுப்பிவைக்கும் கிரேலிஸ்டிங் முறை அதனால்தான் பலிக்கிறது.

லைன் வந்த ஒரு மணி நேரத்துக்குள் கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் தலையிலும் அது கடந்து வந்த சர்வர்களின் நேர முத்திரை இருக்கும். பெரிய கிராணிக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். வெள்ளி இரவு முத்திரைக்கு அடுத்தபடியாக இருந்தது திங்கள் மத்தியான முத்திரை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சனிக்கிழமையே வந்திருக்க வேண்டிய லாரிக் கணக்கைத் தேடத் தொடங்கினார்.