உச்சிவேளை நிழல் எந்தப் பக்கம் விழும்?

நண்பகலில் சூரியன் எங்கே இருக்கும் என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், ‘தலைக்கு நேர் மேலே’ என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். பி.எட். படிக்கும் எங்களில் பலரும் அதையேதான் சொல்வோம். சென்னையில் அது உண்மையாவது ஆண்டுக்கு இரண்டே நாள்தான்: ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுமுறை. அன்று செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்கிறார்கள். கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் இந்த இரண்டு நாட்கள் உண்டு. டெல்லிக்கு ஒரு நாளும் கிடையாது.

ஆசிரியராக ஒரு பள்ளிக்குள் நுழைந்ததும், பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் நான் முதலில் நடத்த விரும்பும் பாடம் இதுதான். ஒரு மீட்டர் கம்பு, மணல் நிரப்பிய வாளி, கம்பு சாயாமல் இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு, சாக்பீஸ், அளவுகோல் போதும். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். நிழல் மிகவும் குறுகும் நேரம்தான் அந்த ஊரின் உண்மையான உச்சிவேளை. ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் அது ஏறக்குறைய 12.13 மணி. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது. இந்த விளக்கத்தை நான் முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். பன்னிரண்டு அடித்த பிறகும் நிழல் குறுகிக்கொண்டே போவதைப் பார்க்கும் பிள்ளை அதைத் தானே கேட்கும்.

இதையே மாதம் ஒருமுறை செய்தால் பாடம் இன்னும் ஆழமாகும். சென்னையில் டிசம்பர் 21 உச்சிவேளையில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் வடக்கே 74 செ.மீ. நீளும். ஜூன் 21 அன்று 18 செ.மீ.தான், அதுவும் தெற்கே! நாம் இருக்கும் அட்சரேகையைத் தாண்டிச் சூரியன் வடக்கே போய்விடுவதால் வரும் மாற்றம் இது. பள்ளி திறந்த முதல் இரண்டரை மாதமும் உச்சிவேளை நிழல் தெற்கே விழுந்துகொண்டிருக்கிறது. அந்த மைதானத்தில் ஓடியாடிய நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்?

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டு ஊர்களின் உச்சிவேளை நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அவருக்கு சயீனும் அலெக்சாந்திரியாவும் என்றால், நமக்குக் கன்னியாகுமரியும் சென்னையும். இரண்டுக்கும் அட்சரேகையில் ஏறக்குறைய 5 பாகை வித்தியாசம். சென்னையில் நிழல் மறையும் நாளில் குமரியில் அதே கம்பு தெற்கே 8.7 செ.மீ. நிழல் போடும். நேர் வடக்கு-தெற்காக அளந்தால் இடைவெளி சுமார் 553 கி.மீ. அந்த நிழல் காட்டும் கோணமான 5 பாகை என்பது வட்டத்தில் 72-ல் ஒரு பங்கு. பெருக்கினால் 39,816 கி.மீ.; துருவங்களின் வழியே பூமியின் உண்மையான சுற்றளவு 40,008. பிள்ளைகளின் விடை இவ்வளவு நெருங்கி வராது. சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதால் நிழலின் நுனி மங்கலாகவே விழும். அரை சென்டிமீட்டர் பிசகினால் விடை இரண்டாயிரம் கி.மீ.க்கு மேல் விலகிவிடும். எனக்கு அந்தப் பிசகும் வேண்டும். ஒரே நிழலை நான்கு குழுக்கள் அளந்து நான்கு விடை கொண்டுவரும்போதுதான் எதை நம்புவது, ஏன் என்ற பேச்சு வகுப்பில் உண்மையாகவே எழும்.

வெளியே போனாலே கற்றல் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வெளிப்புறக் கற்றல் பற்றிய 150 ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் பிரிட்டனில் வெளியான அறிக்கையும் நல்ல திட்டமிடலையும், வகுப்புக்குத் திரும்பிய பின் தொடரும் வேலையையும்தான் வலியுறுத்துகிறது. வெளி வெளிச்சத்தால் கண்ணுக்கும் பலன் உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில், பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றாண்டு முடிவில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது.

வெளியே வகுப்பு எடுத்தால் ‘போர்ஷன் எப்போது முடியும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த ஒரு மணி நேரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, கோணம், விகிதம், சராசரி எல்லாம் வந்துவிடுகின்றன. அவை புவியியலிலும் கணக்கிலும் ஏற்கெனவே இருக்கும் பாடங்கள். இதைப் பாடக்குறிப்பிலேயே எழுதித் தலைமையாசிரியரிடம் காட்டலாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அளக்கும் குழு தவிர மற்றவர்கள் மர நிழலில் நிற்கட்டும், குடிதண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆகஸ்டில் மேகம் மறைத்தால் மறுநாள் அளக்கலாம். ஒரு நாளில் நிழல் அரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மாறும். நம்மோடு சேர்ந்து அளக்கும் குமரிப் பள்ளியும் அதே நாளில் அளக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே உச்சிவேளை சென்னைக்குப் பதினோரு நிமிடம் கழித்து, 12.24-க்கு வரும்.