பூச்செடியும் விதையும்

என் தாயார் மறைந்து நான்கு ஆண்டுகள் சென்ற பின், எங்கள் வீட்டு அடுக்களைப் பரணில் ஒரு சிறு தகரப் புட்டி அகப்பட்டது. அதனுள்ளே இருந்தவை காசித்தும்பை விதைகள். வெண்மையில் செந்நிறம் தெறித்தாற்போல் பூக்கும் அச்செடியை அவர் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் முற்றத்து ஓரமாக விதைத்து வந்தார். அவருக்குப் பின் எவரும் விதைக்கவில்லை. அந்த நிறம் எங்கள் தெருவில் வேறு எவர் வீட்டிலும் இல்லை. ஆகவே அப்புட்டியிலிருந்த ஏறக்குறைய 100 விதைகளில் உயிர் எஞ்சியிருக்கிறதா என்பது எனக்குச் சிறிய வினாவாக இருக்கவில்லை. அதற்கு விடை தேடியபோது நான் கற்றவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

இளஞ்செடி ஒன்று, அது மண்ணுக்கு மேல் வந்து இலை விரிக்கும் வரையில் உண்ண வேண்டிய கட்டுச்சோறு, இவ்விரண்டையும் பொதிந்த ஓர் உறை, இவ்வளவே விதை. உலர்ந்து கிடக்கும்போதும் அது மிக மெல்ல மூச்சு விடுகிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்தால் அந்த மூச்சு விரைவுபடும், வாழ்நாள் குறையும். அடுக்களைப் பரணைவிடத் தீய இடம் விதைக்கு வேறில்லை என்பதை அறிந்தபோது என் நம்பிக்கை பாதியாயிற்று.

ஆயினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்னும் தாவரவியல் பேராசிரியர், பலவகைக் களைச்செடிகளின் விதைகளை மணலுடன் கலந்து, 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் காலத்துக்குப் பின்னும் பிறர் அதனைத் தொடர்ந்தனர். 2021இல் எடுத்த புட்டியிலிருந்தும் வெர்பாஸ்கம் என்னும் செடி முளைத்தது! எல்லா விதைகளுக்கும் இத்தகைய ஆயுள் வாய்ப்பதில்லை. பிற விதைகளிற் பெரும்பாலானவை நெடுங்காலத்துக்கு முன்பே மாண்டுவிட்டன.

கிடைத்தற்கரிய விதையைக் கொண்டு கைபழக எனக்கு மனம் வரவில்லை. முதலில் கடையில் வாங்கிய பெட்டூனியா விதையை விதைத்தேன். அவ்விதை தூசியை ஒத்தது; ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 10,000 இருக்கும். நானோ அவரைக்கொட்டையை ஊன்றுவதுபோல் விரற்கடை ஆழத்தில் புதைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை, விற்றவரைக் குறை கூறினேன். பிழை என்னுடையது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே அதற்குப் போதும். அதற்குமேல் போனால், வெளிச்சத்தை எட்டுமுன் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். பெட்டூனியா முளைப்பதற்கு வெளிச்சமும் துணைசெய்வதால், அதை மண்ணால் மூடவே கூடாது. மெல்லிய மணலுடன் கலந்து மேலே தூவி, கையால் அழுத்திவிட்டால் போதும்.

அடுத்து ஜின்னியா. மெக்சிகோவிலிருந்து வந்த இச்செடிக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளும். ஐந்தாம் நாளே சட்டி முழுதும் பசுமை. மகிழ்ச்சி மிகுதியால் காலையும் மாலையும் இரவும் நீர் வார்த்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால், நாற்றுக்கள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடந்தன. வெட்டுப்புழு கடித்ததோ என்று மண்ணைக் கிளறினேன், புழுவைக் காணோம். இதுவே நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பித்தியம் முதலிய நுண்ணுயிர்கள் ஈரம் தேங்கிய இடத்தில் பெருகி, இளந்தண்டை அழிக்கின்றன. சாய்ந்த நாற்று மீண்டும் நிமிராது. நெருக்கமாக விதைக்காமை, சட்டியின் அடியில் நீர் வடியத் துளையும் ஓட்டுச்சில்லும் இடுதல், மேல்மண் சற்று உலர்ந்தபின் காலையில் மட்டும் பூவாளியால் தெளித்தல் ஆகியவையே காப்பு. செடியை நேசிப்பவர்களே அதனை நீரால் கொல்லுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவும் பட்டறிந்த பின்னரே தகரப் புட்டியிடம் சென்றேன். 20 விதைகளை எண்ணி எடுத்து, நனைத்த துணியில் பரப்பிச் சுருட்டித் தட்டில் வைத்தேன். பத்து நாட்களில் மூன்று முளைவிட்டன. நூற்றுக்குப் பதினைந்து! வாங்கிய விதையாயின் வீசியெறிந்திருப்பேன். எஞ்சியவற்றில் பாதியை மட்டும், மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் மணலும் கலந்த சட்டியில் தூவினேன். மறுபாதியை நிழலில் உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் அடைத்தேன். ஒரு விதைப்பு பொய்த்தால் எல்லாமே போய்விடக் கூடாதல்லவா? ஆறு நாற்றுக்கள் தோன்றின. இரண்டை நத்தை தின்றது. நான்கு இலை வந்ததும் மற்ற நான்கையும் மாலைவேளையில் வேர்மண்ணோடு பெயர்த்து நட்டேன்.

பூவின் நிறம் மாறிவிடுமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. இக்காலத்தில் விற்கும் பல பூவிதைகள் இருவகைச் செடிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதைகள். அவற்றில் பூத்ததன் விதையை எடுத்து விதைத்தால், தாய்ச்செடிபோலவே எல்லாம் வருவதில்லை. பட்டாணியில் இதனை ஆராய்ந்த மெண்டல், ஊதாப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்தார். முதல் தலைமுறை முழுதும் ஊதாவாகப் பூத்தது. அதன் வழித்தோன்றல்களில் 705 செடிகள் ஊதாவாகவும் 224 செடிகள் வெள்ளையாகவும் பூத்தன என்று 1866இல் வெளியான கட்டுரையில் எழுதினார். என் தாயாரின் செடியோ பல தலைமுறை தனித்தே வளர்ந்தது; கலப்புக்கு அங்கே வேறு நிறம் இல்லை. புரட்டாசி இறுதியில் நான்கு செடிகளும் அதே வெண்மையில் அதே செந்நிறம் தெறிக்கப் பூத்தன.

காசித்தும்பையின் காய் முற்றியதும், தொட்ட அளவில் வெடித்து விதையைச் சிதறும். பொறுமையற்றது என்று பொருள்படும் இம்பேஷன்ஸ் என்ற பெயரைத் தாவர நூலார் அதன் இனத்துக்கு இட்டது இதனாலேயே. ஆகவே காய் வெளிறி வரும்போதே சிறு துணிப்பை கட்டி வைத்தேன். இப்பொழுது புட்டி நிறைந்திருக்கிறது. அதில் பாதியைத் தமக்கையார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பரணில் வைக்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.