காவலூர் கேமராவும் இரண்டு கம்பிகளும்: தெரியுமா?

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலைக் காவலூர். அங்கே வானத்தைப் பார்த்துத் தேர்வு எழுதிய ஒரு குட்டிக் கேமரா, 2023 ஏப்ரல் 22 அன்று பிஎஸ்எல்வி-சி55 ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்கே போய்விட்டது, தெரியுமா? பெயர் ஸ்டார்பெர்ரிசென்ஸ். செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். விண்மீன்களைப் பார்த்து, செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வது அதன் வேலை. அதன் மூளை? பள்ளிப் பிள்ளைகள் வாங்கி விளையாடுகிற அதே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி!

காவலூருக்கு வானம் புதிதா என்ன! 1977 மார்ச்சில், அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒரு விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. யுரேனஸ் கோள் குறுக்கே வந்து அந்த விண்மீனை மறைக்க இன்னும் நேரம் இருந்தது. வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இதைப் பற்றி நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்பது. பிறகுதான் தெரிந்தது, அது துணைக்கோள் இல்லை, யுரேனஸின் வளையம்! 1988இல் வானியலாளர் ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அதன் எண் 4130.

இனி மேட்டருக்கு வருவோம், அந்தக் குட்டிக் கேமராவைப் போன்றவற்றின் உள்ளே. கேமரா சென்சார் எடுத்த படம் ஒரு வழியில் போகிறது, அதற்கு இடும் கட்டளை வேறு வழியில் போகிறது, தெரியுமா? ராஸ்பெர்ரி பை கேமராவில் படத்துக்கு மிபி சிஎஸ்ஐ-2 என்ற அகலமான நெடுஞ்சாலை. ஒளி எவ்வளவு நேரம் விழ வேண்டும், ஒவ்வொரு படமும் எத்தனை வரி என்ற கட்டளைகளுக்கோ வெறும் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். ஒன்றில் கடிகாரத் துடிப்பு, இன்னொன்றில் செய்தி. ஐ-டூ-சி என்று எஞ்சினியர்கள் கூப்பிடும் இந்தப் ‘பஸ்’ஸை, அதாவது பொதுப் பாதையை, பிலிப்ஸ் கம்பெனி 1982இல் கொண்டுவந்தது.

பலருடைய தூக்கம் கெடுவது இந்த இரண்டு கம்பியில்தான்! டிரைவர் என்கிற மென்பொருள் முதலில் படம் கேட்பதில்லை, பெயர் கேட்கிறது. ராஸ்பெர்ரி பையின் இரண்டாம் தலைமுறைக் கேமராவில் இருக்கும் சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சாரிடம் கேட்டால் 0219 என்ற எண் வர வேண்டும். வராவிட்டால் கதை முடிந்தது. லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் படம் கிடையாது.

பதில் ஏன் வராது? முதல் சந்தேகம் முகவரியில். ஆம்னிவிஷன் ஓவி2640 சென்சாரின் தரவுத்தாளில், ஹெக்ஸாடெசிமல் கணக்கில், எழுதும் முகவரி 60, படிக்கும் முகவரி 61 என்று போட்டிருக்கும். லினக்ஸில் அப்படியே 60 என்று எழுதினால் ஒரு சத்தமும் வராது. அங்கே எழுத வேண்டியது 30! உண்மையான முகவரி ஏழு பிட்தான். எட்டாவது பிட், படிக்கவா எழுதவா என்று மட்டும் சொல்கிறது. அதையும் சேர்த்து அச்சடித்தவர்கள் 60 என்கிறார்கள், விட்டுவிட்டவர்கள் 30 என்கிறார்கள். இரண்டும் சரிதான், சேர்ந்தால்தான் வம்பு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்த ஓவி2640 போன்ற ஆம்னிவிஷன் சென்சார்கள் பேசுவது ஐ-டூ-சியே இல்லை, தெரியுமா? அது அதன் ஒன்றுவிட்ட தம்பி, எஸ்சிசிபி. அதே இரண்டு கம்பி, அதே முகச்சாயல். ஆனால் ஐ-டூ-சியில், சென்சாரின் எந்தப் பதிவேட்டை (ரெஜிஸ்டரை) படிக்க வேண்டும் என்று சொன்ன கையோடு, பஸ்ஸை விடாமலே மறு தொடக்கம் கொடுத்துப் படித்துவிடலாம். எஸ்சிசிபியிடம் அது செல்லாது. போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால்தான் பேசும்! ஐ-டூ-சியில் ஒவ்வொரு பைட்டுக்குப் பின்னும் ‘கிடைத்தது’ என்று ஒப்புதல் பிட் வர வேண்டும். எஸ்சிசிபியில் அந்த ஒன்பதாவது பிட் எப்படி இருந்தாலும் கண்டுகொள்ளத் தேவையில்லை. இந்த வேறுபாட்டுக்கென்றே 2018இல் லினக்ஸ் கெர்னலில் பதிவேடுகளைக் கையாளும் பகுதியில் தனி வழி சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், கிட்டத்தட்ட ஒத்துப்போவதைப் போல ஆபத்து வேறில்லை. சுத்தமாகப் பேசாவிட்டால் உடனே பிடித்துவிடலாம். பாதி பேசினால், கோளாறு கம்பியிலா, நிரலிலா, சென்சாரிலா என்று அலைய வேண்டியதுதான்.

முகவரி சரி, பேச்சுமுறையும் சரி, அப்போதும் பதில் இல்லையா? சென்சார் இயங்கத் தேவையான மூலக் கடிகாரத் துடிப்பு போகிறதா என்று பாருங்கள். அந்தத் துடிப்பு வராவிட்டால் பல சென்சார்கள் வாயே திறக்காது! அதைக் கொடுக்கச் சொல்ல வேண்டியதும் டிரைவர்தான். மின்னழுத்தம் இன்னொரு கண்ணி. சென்சார் 1.8 வோல்ட், பலகை 3.3 வோல்ட் என்றால் நடுவில் மாற்றி இல்லாமல் இணைக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. பேச்சு பாதியில் அறுந்தால், சென்சார் செய்திக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி உறைந்துபோகலாம். பிறகு யாரும் பேச முடியாது. மேசை மேல் என்றால் வயரைப் பிடுங்கிச் செருகலாம். விண்ணில் யார் போய்ப் பிடுங்குவது? அதற்கும் ஐ-டூ-சி விதிநூலில் வைத்தியம் இருக்கிறது, தெரியுமா? கடிகாரக் கம்பியில் ஒன்பது துடிப்பு கொடுக்க வேண்டும். அந்த ஒன்பதுக்குள் எங்காவது ஓரிடத்தில் சென்சார் பிடியை விட்டுவிட வேண்டும் என்பது விதி!