இல்லாத கால் ஏன் உளைகிறது?

"கால் போய் எவ்வளவு காலம்! ஆனா பெருவிரல் இன்னும் கடிக்குதுகா."

எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும் இப்படிச் சொல்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மிதிவெடியில் கால் போனவர்கள், ஷெல் வீச்சில் கை போனவர்கள். கிழக்கில் சண்டை 2007இல் ஓய்ந்தது. 2009இல் யுத்தமே முடிந்தது. ஆனால் இவர்களுக்கு இல்லாத விரல் கடிக்கிறது, இல்லாத குதிகால் எரிகிறது, இல்லாத பாதம் முறுக்கிப் பிடிக்கிறது.

இதை வெளியில் சொல்ல அநேகர் கூச்சப்படுகிறார்கள். "விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைப்பாங்க" என்ற பயம். பேய்க்குணம் என்று நூல் கட்டுவதும் தண்ணி ஓதிக் கொடுப்பதும் உண்டு. நடுச்சாமத்தில் எழும்பி, இல்லாத காலைத் தடவுகிற கணவரைப் பார்த்துக்கொண்டு செய்வதறியாமல் இருக்கும் மனைவிமார் எத்தனை பேர்! கால் இழந்த பெண்களோ அதையும் அடக்கிக்கொண்டு அடுப்படி வேலையைப் பார்க்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இது விசரும் அல்ல, பேயும் அல்ல. உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோர் அது இன்னும் இருப்பதாகவே உணர்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கை, கால் இழந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த வெயர் மிட்செல் என்ற வைத்தியர், 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்தார். ஆக, இதுவும் யுத்தத்தில் பிறந்த பெயர்தான்.

காரணம் மூளையில் இருக்கிறது. கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1930களில் நோயாளர்களை மயக்காமல், விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். (மூளைக்கு நோவு தெரியாது. தலைத்தோலை மட்டும் விறைக்கச் செய்தால் போதும்.) ஓரிடத்தைத் தொட்டால் "கையில் தொடுகிறீர்கள்" என்றார்கள், இன்னோர் இடத்தைத் தொட்டால் "கன்னத்தில்" என்றார்கள். முழு உடம்புக்கும் மூளையில் ஒரு வரைபடம் இருக்கிறது. வட்டையில் வரம்பு போட்டுப் பிரித்த வயல்கள் மாதிரி. அதில் கையின் காணிக்கு அடுத்த காணி முகத்தினுடையது.

இந்தக் கதையில் அடுத்து வருபவர் ஒரு தமிழர். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன். கையின் நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளின் முகத்தைத் தொட்டால், மூளையில் கைக்குரிய இடம் விழிக்கிறது என்று 1991இல் ஓர் ஆய்வு வந்தது. (அந்தக் குரங்குகள் ஆய்வுகூடத்தில் பட்ட பாடு தனிக்கதை, வாசித்தால் மனம் கனக்கும்.) மனிதருக்கும் அப்படியா என்று பார்க்க இராமச்சந்திரன் பெரிய இயந்திரம் எதையும் தேடவில்லை. கை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "இல்லாத கையின் பெருவிரலில் தொடுகிறீர்கள்" என்றார் இளைஞர்!

சிலருக்கு மாயக் கை இறுக மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையைக் குத்துவது போல நோகும். விரிக்கவும் முடியாது. இதற்கு அவர் செய்த கருவி ஒரு காட்போட் பெட்டியும், நடுவில் நிமிர்த்தி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியும்தான். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் வைத்து அசைத்தால், போன கை திரும்ப வந்து அசைவது போலத் தெரியும். கண்ணை மூளை நம்பிவிடுகிறது. மூடியிருந்த கை 'விரிந்தது' என்று சிலர் சொன்னார்கள்.

2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில், கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, மூன்றாவது குழுவுக்குக் கற்பனை மட்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்குமே நோவு குறைந்தது. மூடிய கண்ணாடி பார்த்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. சிறிய ஆய்வுதான், பின்வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இப்படிப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் செலவில்லாத முயற்சி.

வீட்டில் செய்ய ஓர் நீட்டுக் கண்ணாடி போதும், அலுமாரியில் இருந்து கழற்றியதானாலும் சரி. பாயில் கால் நீட்டி இருந்து, இரு தொடைகளுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்துங்கள். முகப்பக்கம் நல்ல காலைப் பார்க்கட்டும், துண்டான கால் பின்னால் மறையட்டும். விளிம்பு வெட்டாமல் துணி சுற்றி, ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. கண்ணாடியைப் பார்த்தபடி பாதத்தை மெதுவாக மடக்கி விரியுங்கள், விரல்களை ஆட்டுங்கள். மாயக் காலும் கூடவே அசைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ நோவு கூடினாலோ நிறுத்திவிடுங்கள். முதல் நாள் கண்ணீர் வரலாம், பக்கத்தில் யாராவது இருங்கள்.

துண்டான இடத்திலேயே வீக்கம், சிவப்பு, புண் இருந்தால் அது வேறு. பொய்க்கால் சரியாகப் பொருந்தாததாலும் வரும். அதற்குக் கண்ணாடி உதவாது, கிளினிக்குக்குத்தான் போகவேண்டும். சர்க்கரை வியாதியால் கால் எடுத்தவர்களுக்கும் மாய நோவு வரும், வைத்தியரிடம் சொன்னால் நரம்பு நோவுக்கான மருந்துகளும் உண்டு.

மூளையின் காணிக் கணக்கு இன்னும் தீரவில்லை. பக்கத்துக் காணிக்காரர் வரம்பு தள்ளிப் பிடித்துவிடுகிறார் என்றுதான் இராமச்சந்திரன் விளக்கினார். ஆனால் 2025இல் வெளியான ஓர் ஆய்வில், கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் மூவரின் மூளையைப் படம்பிடித்தபோது, கையின் இடம் அநேகமாக அப்படியே இருந்தது. காணிக்காரர் போய்விட்டார், உறுதி மட்டும் இன்னும் அவர் பேரில்!

இரண்டு காலும் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கண்ணாடியில் காட்ட அவருக்குக் கால் இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்கள் இன்னொருவரின் கால்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டே தம் மாயக் கால்களையும் அசைப்பதாக நினைத்தபோது நோவு குறைந்தது. எதிரே இருந்து கால் நீட்டி ஆட்ட மனைவியோ மகளோ போதும்.