கிண்ணக் கணக்கு – 9: ஆறு அணிகளும் ஒரு போர்க்கப்பலும்

1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிலாங்கூரும் சிங்கப்பூரும் பகிர்ந்துகொண்ட மலேசியக் காற்பந்துக் கிண்ணத்தை ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்டோம். சிலாங்கூர் 33-லிருந்து 32-க்கும், சிங்கப்பூர் 24-லிருந்து 23-க்கும் இறங்கின. சென்ற வாரக் கதை அவ்வளவுதான்.

இந்த வாரம் ஜொகூர் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் பைராம் தோட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. கேட்டவர் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர், இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து வாசகர். "தம்பி, கிண்ணத்த மட்டும் எண்ணிக்கிட்டே போறீங்க. யார ஜெயிச்சு வாங்குனாங்கன்னு எண்ண மாட்டீங்களா?"

அந்தக் கேள்வி பைராமிலிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நிபோங் திபால் வட்டாரத் தோட்டம் அது. வரைபடத்தில் பினாங்கு, ஆனால் நிபோங் திபாலைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். ஜார்ஜ்டவுனில் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் 1985-இல் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த் போய் ஃபெர்ரி ஏற வேண்டியிருந்தது. ஒரே லயத்தில் இரண்டு மாநிலங்களுக்கும் ஆள் உண்டு என்கிறார் பெரியவர். பேராக் மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்றிருக்கிறது. பினாங்கு நான்கே முறை: 1953, 1954, 1958, 1974. எண்ணினால் பேராக்தான் இரண்டு மடங்கு பெரிய அணி. பைராமின் பினாங்குக்காரர்கள் இதை ஒப்புக்கொண்டதே இல்லையாம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

வட அமெரிக்காவில் இப்படி அணிகளை வரிசைப்படுத்துவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் 27 முறை வெற்றியாளர், கடைசியாக 2009-இல். ஐஸ் ஹாக்கியில் மொண்ட்ரியால் கனேடியன்ஸ் ஸ்டான்லி கிண்ணத்தை 24 முறை வென்றிருக்கிறது. சிங்கப்பூருக்கும் ஏடுகளில் அதே 24 என்பதைக் கவனியுங்கள். மொண்ட்ரியாலின் கடைசி வெற்றி 1993, சிங்கப்பூரின் கடைசி வெற்றி 1994. உலகத்தின் இரு முனைகளில் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே எண்ணில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நின்றுபோயிருக்கின்றன.

ஒற்றுமை அதோடு முடியவில்லை. 1942 முதல் 1967 வரை இருபத்தைந்து பருவங்களில் ஸ்டான்லி கிண்ணத்துக்கான ஹாக்கி லீக்கில் ஆறு அணிகள்தான் ஆடின. இருபத்தைந்து கிண்ணங்களில் மொண்ட்ரியாலுக்குப் பத்து, டொரொண்டோவுக்கு ஒன்பது, டெட்ராய்ட்டுக்கு ஐந்து, சிகாகோவுக்கு ஒன்று. பாஸ்டனும் நியூயார்க் ரேஞ்சர்ஸும் வெறுங்கையோடு போயின. இன்று அதே லீக்கில் 32 அணிகள். ஆறு பேரில் முதல்வனாக வருவதும் முப்பத்திரண்டு பேரில் முதல்வனாக வருவதும் ஒரே எடையா என்ற கேள்வி அங்கே எப்போதோ எழுந்துவிட்டது. எளிய வழி ஒன்று இருக்கிறது. எத்தனை அணிகள் ஆடினவோ அத்தனை மதிப்பெண். ஆறு அணிக் காலத்துப் பத்துக் கிண்ணங்களுக்கு மொண்ட்ரியாலுக்கு 60. 2024, 2025 இரண்டையும் அடுத்தடுத்து வென்ற ஃபுளோரிடா பாந்தர்ஸுக்கு 64.

பத்துக் கிண்ணத்தை இரண்டு கிண்ணம் முந்திவிடும் கணக்கை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பேர் எதிரில் நின்றார்கள் என்பதை அது பார்க்கிறது, யார் நின்றார்கள் என்பதைப் பார்க்கவில்லை. பைராம் பெரியவர் கேட்டது அந்த இரண்டாவது கேள்வி.

நம் கிண்ணமும் ஆறு அணிகளோடு தொடங்கியதுதான். 1921-இல் சிங்கப்பூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேராக், பினாங்கு. முதல் ஆட்டம் ஆகஸ்ட் 20-இல் கோலாலம்பூரில். சிலாங்கூர் 5, பினாங்கு 1. இறுதியில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. பத்தாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அப்போது அதன் பெயர் மலாயாக் கிண்ணம். 1967-இல்தான் மலேசியக் கிண்ணம் ஆனது.

மலாயா என்பது இங்கே நாட்டின் பெயர் மட்டுமில்லை, ஒரு கப்பலின் பெயரும்கூட. இந்த வாரம் முழுக்க நான் அந்தக் கப்பலிலேயே இருந்தேன். எச்.எம்.எஸ். மலாயா, பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது லண்டன் இல்லை. 1912-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் மன்றத்தில் பேராக் சுல்தான் முன்மொழிய, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்து ஒரு முதல் தரப் போர்க்கப்பலையே வாங்கிக் கொடுத்தன. ஈயமும் ரப்பரும் கொழித்த காலம். 1916-இல் ஜட்லாண்ட் கடற்போரில் மலாயா முன்னால் நின்று அடி வாங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அன்று அந்தக் கப்பலில் பறந்தது வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டைகளோடு கூடிய கூட்டு மலாய் மாநிலங்களின் கொடி. வட கடலின் மூடுபனியில், ஜெர்மன் பீரங்கிகளுக்கு எதிரே நம் ஊர்க் கொடி!

போர் முடிந்து, 1921 ஜனவரியில், தன்னை வாங்கிக் கொடுத்த மண்ணைப் பார்க்க மலாயா வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர், பினாங்கு, போர்ட் டிக்சன் என்று துறைமுகம் துறைமுகமாக நின்றது. போன இடமெல்லாம் மாலுமிகள் உள்ளூர்க்காரர்களோடு காற்பந்து, ரக்பி, ஹாக்கி ஆடினார்கள். கிடைத்த உபசரிப்பில் நெகிழ்ந்த கேப்டன் புல்லர், மார்ச் மாதம் ஒரு கடிதம் எழுதினார்: எங்கள் நன்றியாக இரண்டு கிண்ணங்கள் தருகிறோம், ஒன்று காற்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு. அந்தக் காற்பந்துக் கிண்ணத்தின் வாரிசுக்காகத்தான் நூறு ஆண்டு கழித்தும் நாம் மல்லுக்கு நிற்கிறோம்.

பைராம் இருந்த வெல்லெஸ்லி மாகாணம் அந்த நான்கு மாநிலங்களில் சேராது. பினாங்கோடு சேர்ந்து நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதி அது. ஆக, மாநில எல்லைக்கு இந்தப்புறம் பால்மரம் வெட்டிய தமிழனின் வியர்வை அந்தக் கப்பலில் சேரவில்லை, அந்தப்புறம் பேராக்கில் வெட்டியவனின் வியர்வை சேர்ந்தது. பாரிட் புந்தார்க்காரர்கள் இனி விவாதத்தில் இதையும் எடுத்து வைக்கலாம்.

கப்பலின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. கிண்ணம் தந்த மறு ஆண்டு, 1922 நவம்பரில், பதவி இழந்த கடைசி ஒட்டோமான் சுல்தான் ஆறாம் மெஹ்மெத் இஸ்தான்புல்லை விட்டு வெளியேறினாரே, அவரை மால்ட்டாவுக்கு ஏற்றிப்போனது இதே மலாயாதான். அறுநூறு ஆண்டுப் பேரரசின் கடைசி சுல்தான் ஏறிய தளத்தில், அதற்கு முந்தைய ஆண்டு பினாங்குக்கு வந்த மாலுமிகள் நின்றிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரிலும் அது சண்டையிட்டது. 1948-இல் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் உடைப்பதற்குப் போனது. ஜப்பானியர் வருகையால் 1941-க்குப் பிறகு நின்றிருந்த மலாயாக் கிண்ணம் மறுபடி தொடங்கியதும் அதே 1948-இல்தான். அந்த ஆண்டு வென்றது நெகிரி செம்பிலான், கப்பலுக்குப் பணம் போட்ட நால்வரில் ஒருவர்.

சரி, ஆறு அணிகள். அவற்றை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். தெற்கில் சிங்கப்பூர், மலாக்கா, நெகிரி செம்பிலான். வடக்கில் சிலாங்கூர், பேராக், பினாங்கு. இரு பிரிவின் முதல்வர்களும் இறுதியில் மோதுவார்கள். இப்போது ஏட்டைப் புரட்டுங்கள். 1921 முதல் 1941 வரை இருபத்தொரு இறுதி ஆட்டங்கள், அத்தனையிலும் சிங்கப்பூர்! பதினான்கு முறை கிண்ணம், பகிர்ந்த இரண்டையும் சேர்த்து. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் வடக்கில் என்ன நடந்தது? சிலாங்கூரும் பேராக்கும் பினாங்கும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிய பிறகே ஒருவர் இறுதிக்கு வர முடிந்தது. சிங்கப்பூருக்கோ தெற்கில் அந்த அளவு வலுவான எதிரி இல்லை. போருக்கு முந்தைய அந்தப் பதினான்கையும் நான் முழு எடைக்கு எடுக்கப்போவதில்லை. சிங்கப்பூர் வாசகர்கள் கோபித்துக்கொள்ளலாம். அதே 21 ஆண்டுகளில் வடக்கிலிருந்து வந்து கிண்ணத்தைத் தனியாகப் பறித்த சிலாங்கூரின் ஐந்து வெற்றிகளும் பேராக்கின் 1926, 1931 வெற்றிகளும் என் தராசில் கனமானவை.

இதனால் பேராக்கின் பக்கமும் ஏறுகிறது என்பது உண்மைதான். பைராமின் பினாங்குக்காரர்கள் பொறுக்க வேண்டும். 1974 வருகிறது.

அதற்கு முன் 1968-ஐச் சொல்ல வேண்டும். அந்த இறுதியில் சிலாங்கூர் 8, பினாங்கு 1. மெர்டேக்கா அரங்கிலிருந்து தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பிய அணி, மறு ஆண்டும் இறுதிக்குப் போய் மறுபடி சிலாங்கூரிடமே தோற்றது. பிறகு சிலாங்கூரின் பொற்காலம். 1971, 1972, 1973 என்று வரிசையாக மூன்று. 1975, 1976 என்று இரண்டு. ஆறு ஆண்டுகளில் ஐந்து கிண்ணங்கள். நடுவே ஒரே ஓர் ஓட்டை, 1974. அந்த ஓட்டையில் நிற்பது பினாங்கு. இறுதியில் யாரை வென்றது தெரியுமா? பேராக்கை, 2-1. ஒரே லயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் ஆள் இருந்த பைராமில் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்! "எங்க வூட்டுல ரெண்டு நாளு அண்ணன் தம்பி பேசிக்கல" என்றார் பெரியவர். அவர் அண்ணன் பேராக்.

அந்தக் காலத்துப் பினாங்கு அணியைப் பெயர் சொன்னாலே வயதானவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா என்று ஒரு சகோதர ஜோடி. அலி பக்கார், இசா பக்கார் என்று இன்னொன்று. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என வென்றதே, அந்த தேசிய அணியிலும் நமாட், ஷஹாருடின் இருவரும் இருந்தார்கள். வட அமெரிக்கர்களின் அட்டவணைகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இந்த வெற்றியைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

1974-க்கு என் கணக்கில் இரட்டை எடை. அந்த ஆறு ஆண்டுகளில் சிலாங்கூர் அல்லாத ஒருவரின் பெயர் கிண்ணத்தில் ஏறியது அந்த ஒரே முறைதான். இரட்டை கொடுத்தாலும் பினாங்கு பேராக்கைத் தாண்டவில்லை. ஆனால் பேராக்கில் பாதி என்ற நிலை போய்விட்டது. பைராம்காரர்கள் சண்டையைத் தொடர இது போதும்.

ஐந்தாவது கிண்ணமும் கைக்கெட்டும் தூரம் வரை வந்தது. 1977 மே 28, மெர்டேக்கா அரங்கு, பினாங்கும் சிங்கப்பூரும். கூடுதல் நேரம் வரை போய், குவா கிம் சோங்கின் கோலில் சிங்கப்பூர் 3-2 என வென்றது. சிங்கப்பூரின் பயிற்றுநர் 'அங்கிள்' சூ செங் குவீ, பயிற்சிக் காலத்தில் காலில் பட்ட காயத்தைப் பொருட்படுத்தாமல் அணியோடே நின்றவர். பின்னர் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. பினாங்குக்காரனாக அந்தத் தோல்வி இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்த மனிதரை நினைத்தால் சிங்கப்பூரின் 1977-க்கு ஓர் எடைகூடக் குறைக்கக் கை வரவில்லை. போருக்கு முந்தைய பதினான்கும் இதுவும் ஒரே ஏட்டில் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதன் பிறகு பினாங்குக்கு லீக் வெற்றிகள் உண்டு: 1982, 1998, 2001. 2002-இல் எஃப்.ஏ. கிண்ணமும் உண்டு. மலேசியக் கிண்ணம் மட்டும் திரும்பி வரவேயில்லை. 2000-இல் பத்து காவானில் மாநில அரங்கம் கட்டப்பட்டது, பைராம் இருக்கும் அதே தென் செபராங் பிறை மாவட்டத்தில். ஃபெர்ரியும் வேண்டாம், பாலமும் வேண்டாம். ஆட்டம் அவர்கள் வீட்டுப் பக்கம் வந்த பிறகு கிண்ணம் வரவில்லை.

ஜொகூர் அடுத்த வாரம், கட்டாயம். 2014 முதல் லீக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஜொகூரின் ஜேடிதி கிளப், 2017, 2019, 2022, 2023, 2025 என்று மலேசியக் கிண்ணத்தையும் ஐந்து முறை எடுத்திருக்கிறது. பழைய ஜொகூர் மாநில அணி 1985, 1991-இல் வென்ற இரண்டையும் இந்த ஐந்தோடு சேர்த்து ஏழு என்று எழுதலாமா, அல்லது 2013-இல் உருமாறிய கிளப்பைப் புது அணியாகவே வைப்பதா? சேர்த்தால் பேராக்கின் எட்டுக்கு ஒன்றுதான் குறைவு. பாரிட் புந்தார் வாசகர்கள் தங்கள் வாதத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள்.