குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடும்

கல்லீரல் நோய் என்றதும் காப்பார் வட்டாரத்தில் பேச்சு நேராகச் சம்சுக்குப் போய்விடும். தோட்டங்களில் அந்த மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கூட்டமே விடுபட்டுப் போகிறது: வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத, இனிப்பு நீர் உள்ள நம் அம்மாக்களும் அக்காக்களும். கல்லீரல் என்று சொன்னாலே ஊர் தப்பாகப் பேசுமே என்று பரிசோதனைக்கே கூசுகிறவர்கள் இவர்கள். என் கவலையெல்லாம் இவர்களைப் பற்றித்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில், வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டுச் சராசரி 18.3. நீரிழிவும் தொப்பையும் சேர்ந்தால் கல்லீரலில் கொழுப்பு படிவது சாதாரணம். பலருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, பல வருடங்களில் கல்லீரல் இறுகிப்போகும். அதுவரை வலியே தெரியாது.

இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 58 வயது அம்மா. கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி 38, ஏஎல்டி 36, இரத்தத் தட்டணுக்கள் 160. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரிதான் என்று தோன்றும். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணுவையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் 2.3. இதற்குப் பெயர் ஃபிப்-4. 1.3க்கு மேல் (65 வயதைத் தாண்டினால் 2க்கு மேல்) போனால் கல்லீரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. 2.67ஐத் தாண்டினால் நேராகக் கல்லீரல் நிபுணர். ஏஎஸ்டியைக் கேட்டால்தான் பார்க்கும் இடங்களும் உண்டு. ஆகவே நீரிழிவுக்கு மாதாமாதம் மருந்து வாங்கப் போகும் கிளினிக்கிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே கடிதம் கொடுத்தால் கிள்ளான் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். கல்லீரலுக்குப் பேர்போன செலாயாங் மருத்துவமனைக்கும் வழி அங்கிருந்துதான்.

80 கிலோ இருப்பவர் 6 முதல் 8 கிலோ குறைத்தாலே அழற்சி தணியத் தொடங்கும். தினமும் இரண்டு வேளை தே தாரேக், அதில் கெட்டிப்பால் என்றால் முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான்.

கண் மஞ்சளாவது, வயிறு நீர் கோத்து உப்புவது, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், திடீர்க் குழப்பப் பேச்சு: இவற்றுக்குக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.