பந்தயத்திற்கு முன் பக்குவம்

பொதிகை மலையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி, பாபநாசத்தில்தான் சமவெளியைத் தொடுகிறது. அங்குக் குளிக்க வரும் முதியவர்கள் எடுத்த எடுப்பில் நீரில் குதிப்பதில்லை. படித்துறையில் அமர்ந்து முதலில் கால்களை நனைப்பர். பின்னர் கைகளையும் முகத்தையும் கழுவுவர். அதன் பின்னரே இறங்குவர். உடலுக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது அவர்தம் அனுபவ அறிவு. இந்த அறிவை நம் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் மறந்துவிடுகின்றனர்.

அஸர் தொழுகை முடிந்ததும் மக்ரிப் பாங்கு வரை அவர்களுக்கு விளையாட்டு நேரம். மணிக்கணக்கில் சம்மணமிட்டு அமர்ந்து ஓதியவர்கள், எழுந்த வேகத்தில் கபடிக் களத்தில் பாய்கின்றனர். அவ்வாறு பாய்ந்த என் மாணவர் ஒருவர், முதன்முறை பாடிச் சென்றபோதே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தசை கிழிந்திருந்தது. பல வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். அவருடைய வாப்பா என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இனி இவனை விளையாட விடாதீர்கள்" என்றார். "விளையாட்டை நிறுத்த வேண்டாம் பாய், ஆயத்தமின்றி விளையாடுவதை நிறுத்துவோம்" என்றேன்.

இது என் சொந்தக் கருத்தன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரி தெரிவிக்கிறது. முறையாகப் பயிற்றி மெலிய வைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, சுமார் 6 மைல் தூரம் வகுத்தார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ சுமார் 1 மைல் மட்டுமே. ஆயத்தத்திற்கு ஏற்பவே சுமை! வாயில்லாப் பிராணிக்குக் காட்டப்பட்ட இந்த நீதியை நம் மக்களின் உடலுக்குக் காட்டலாகாதா?

இன்றைய ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. நார்வே நாட்டில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆட்டத்திற்கு முன் சுமார் 20 நிமிடம் ஓட்டம், வலுவூட்டல், சமநிலைப் பயிற்சி ஆகியவற்றைச் செய்த அணிகளில், மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடித்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் செய்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அத்தகைய இழுப்புப் பயிற்சி மட்டும் காயத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

ஆகவே முறை இதுதான். முதலில் நடையும் மெல்லோட்டமும், தசைகள் சூடேறட்டும். அடுத்து, காலை முன்னும் பின்னும் வீசுதல், நீண்ட அடி வைத்து முழங்காலை மடக்குதல், இடுப்பையும் தோளையும் சுழற்றுதல். பின்னர் பஸ்கி, தண்டால், ஒற்றைக்காலில் நிற்றல். இறுதியாகச் சில விரைவோட்டங்கள். நிதானமாக இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை ஆட்டம் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

"ஐவேளைத் தொழுகையே போதாதா?" என்று சிலர் கேட்பர். ருகூவிலும் ஸுஜூதிலும் மூட்டுகள் மடங்கி நிமிர்வது உண்மையே. எனினும் தொழுகை இறைவனுக்குரிய வணக்கம். அதைத் தேகப்பயிற்சியின் கணக்கில் சேர்த்தல் முறையன்று.

கபடி நம் மண்ணின் ஆட்டம். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன், 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். கிராமத்துப் பிள்ளைக்கும் அந்த வாயில் திறந்தே இருக்கிறது. பதினைந்து வயதில் முழங்காலை முறித்துக்கொண்டவன் அதை எட்டுவது எங்ஙனம்? உடலும் ஓர் அமானிதம் அன்றோ! நம் உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்பது நபிமொழி தரும் பாடம்.

என் மாணவர் குணமடைந்து மீண்டும் ஆடுகிறார். ஆட்டத்திற்கு முன் மற்றவர்களை வரிசையில் நிறுத்திப் பயிற்சி தருபவரும் இப்போது அவரே. திடலின் ஓரத்தில் அவருடைய வாப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார், 20 நிமிடம் முடிந்துவிட்டதா என்று. அல்ஹம்துலில்லாஹ்!